லெபர்ட் கெக்கோ பல்லிகளில் ஆண், பெண்ணை எப்படி அறிவது?

இனப்பெருக்கத்துக்கு விடுமுன் லெபர்ட் கெக்கோ பல்லிகளின் பாலினத்தை உறுதிசெய்யும் வழியைக் கேட்டிருக்கிறீர்கள். உடல் நிறத்தையோ தலையின் பருமனையோ நம்ப வேண்டாம். பல்லியைத் தெளிவான கண்ணாடிப் பெட்டியில் விட்டு அடிப்புறத்தைப் பாருங்கள்: முதிர்ந்த ஆணுக்குக் கழிவுத்துளைக்குச் சற்று முன்னே மெழுகு படிந்த நுண்துளைகள் கூரை வடிவில் வரிசையாகத் தெரிவதோடு, அதற்குப் பின்னே வாலின் அடியில் இரு புடைப்புகளும் இருக்கும், பெண்ணுக்கு அத்துளைகள் மங்கலாகவே இருக்கும். இளங்குட்டிகளில் இவ்வடையாளங்கள் தெளிவாகத் தெரியாததால், சில மாதங்கள் பொறுத்திருப்பதே நல்லது. முட்டை அடைகாக்கப்பட்ட வெப்பநிலையே பாலினத்தைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸில் பெரும்பாலும் பெண்களும், 32 டிகிரியை ஒட்டி ஆண்கள் மிகுதியாகவும் பொரிக்கும். ஆயினும் விற்பவர் சொல்லும் வெப்பநிலையை மட்டும் நம்பிப் பல்லிகளை ஒரே பெட்டியில் விடாதீர்கள். இரண்டும் ஆணாக இருந்தால் கடுமையாகக் கடித்துக் காயப்படுத்திக்கொள்ளும். பார்க்கும்போது வாலைப் பிடிக்காதீர்கள், கழன்றுவிடும்.