தனியார் காப்பீடு இருந்தாலும் அப்பாவுக்கு ஆயுஷ்மான் அட்டை உண்டு

வணக்கம் சகோ. உங்கள் அப்பாவுக்கு 74 வயது, வருமானம் கூடுதல், தனியார் காப்பீடும் இருக்கிறது. 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் அட்டை (மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீட்டு அட்டை) என்று மத்திய சுகாதார அமைச்சர் நட்டா நாடாளுமன்றத்தில் சொன்னது பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தும். 2024 அக்டோபர் 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியார் பாலிசியைக் கைவிடவும் வேண்டாம். சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர்களுக்கான மருத்துவத் திட்டம்) போன்ற அரசுத் திட்டத்தில் இருந்தால்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த அட்டையில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அம்மாவுக்கும் 70 ஆகியிருந்தால் அது இருவருக்கும் சேர்த்துத்தான். பலர் இதைக் கவனிப்பதில்லை. பழைய சர்க்கரை, இதய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே செல்லும். ஆனால் அட்மிட் ஆனால் மட்டுமே. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குக் கிடைக்காது.

ஆதாரில் உள்ள வயதுதான் கணக்கு. பிறந்த தேதி தப்பாக இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். உதவி எண் 14555.