குற்றம் நிரூபணமான பிறகு வக்கீலுக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: மரண தண்டனை வழக்கில் குற்றம் நிரூபணமாகிவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் எதற்கு?

உண்மையில் பாதி வேலை அப்புறம்தான் தொடங்குகிறது. இந்த வழக்குகளில் கேள்வி இரண்டு. செய்தாரா? செய்திருந்தால், சாகத்தான் வேண்டுமா? இரண்டாவதற்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இல்லை. குற்றவாளியின் பள்ளிப் பதிவேட்டிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் இருக்கும். அதைத் தேடி எடுப்பது வக்கீல் வேலை.

அமெரிக்காவின் மேரிலாந்தில் விக்கின்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குடிகாரத் தாய் பல நாள் பட்டினி போட்டதும், சூடான அடுப்பில் அவர் கையை வைத்து அழுத்தியதும் தண்டனையை முடிவு செய்த ஜூரிக்கு (பொதுமக்கள் குழுவுக்கு) தெரியவே தெரியாது. வக்கீல்கள் சரியாக விசாரிக்கவில்லை. 2003-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

இந்தியாவில் 1980-ன் பச்சன் சிங் தீர்ப்பு, 'அரிதிலும் அரிதான' வழக்குக்கே தூக்கு என்றது. ஆனால் கடைசி நேரத்தில் வழக்குக் கட்டைக் கையில் வாங்கும் வக்கீல் என்ன வாதாடுவார்? மரண தண்டனை விதிக்கப்பட்ட அனோகிலால் என்பவரின் வழக்கில் வக்கீல் நியமனமான அன்றே குற்றச்சாட்டு பதிவானது. இரண்டு வாரத்தில் விசாரணையே முடிந்துவிட்டது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, இத்தகைய வழக்குகளில் சட்ட உதவி வக்கீலுக்குப் பத்தாண்டு அனுபவமும், தயாராகக் குறைந்தது ஏழு நாளும் வேண்டும் என்றது. ஏழு நாள்கூட எனக்குக் குறைவாகத்தான் படுகிறது.

குற்றவாளியைத் தப்பவைக்கிறார் என்று திட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: இங்கே வக்கீல் ஜெயித்தால் கிடைப்பது பெரும்பாலும் ஆயுள் தண்டனை, விடுதலை அல்ல.