வாசகர் கேள்வி பதில்: காலையில் வெயில், பிற்பகலில் இடி

மே மாதக் கடைசியில் பிள்ளைகளோடு பிடதி வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகிறோம். பெங்களூர்ப் பக்கம் குளுகுளுவென்றுதானே இருக்கும், வெயிலுக்கென்று தனியாக ஏதாவது தேவையா? மழை வந்தால் பணம் தண்டமா?
_வாசகி, பாலக்கோடு_

அந்தக் குளுகுளுவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நம் ஊரைவிடக் காற்றில் சூடு சில டிகிரி குறைவு. தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிரோ உயரம் ஏற ஏறக் கூடத்தான் செய்யும். சூடு உறைக்கவில்லையே என்று தொப்பியைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் பிடரியும் காது மடலும் எரியும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, வெயிலில் இறங்க 15 நிமிடம் முன்பே பூசுங்கள். பிறகு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணீரிலிருந்து ஏறித் துவட்டியதும் ஒருமுறை. 'நீர் தாங்கும்' என்று ட்யூபில் போட்டிருந்தாலும் அது தாங்குவது 40 அல்லது 80 நிமிடம்தான். காலையில் பூசியதை மாலைவரை நம்புவதால்தான் தோல் உரிகிறது.

இனி மழை. ஏப்ரல், மே மழை நாள் முழுக்கப் பிடிக்கிற மழையல்ல. வெயிலில் தரை காய்ந்து, சூடான காற்று மேலே ஏறி, மேகம் திரண்டு, பிற்பகலில் இடியும் காற்றுமாகக் கொட்டிவிட்டு ஓயும். பாடப்புத்தகத்தில் அதற்கு மாஞ்சாரல் என்று அழகான பெயர். காய் உதிர்வதைப் பார்க்கும் காவேரிப்பட்டணத்துத் தோப்புக்காரர்கள் வேறு பெயர் சொல்வார்கள்.

இடி கேட்டதும் உயரமான ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். ஆகவே உள்ளே போனதும் ரோலர் கோஸ்டர், ஜயன்ட் வீல் வகையறாவை முதலில் முடித்துவிடுங்கள். நீர் விளையாட்டு அதற்குப் பிறகு. ஈர உடையோடு உலர் ராட்டினத்தில் ஏற விடமாட்டார்கள் என்பதாலும் இந்த வரிசைதான் சரி. கூரைக்குள் இருப்பவற்றை மழை நேரத்துக்கு மிச்சம் வையுங்கள். மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் சுவர் உள்ள கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், மரத்தடி கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். மழைக்காகப் பணம் திரும்பி வராது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். காலாண்டு விடுமுறைக்குத் தள்ளிப்போட்டால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம்; பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். வறண்ட நாள் வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரி.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கலக்கிக் கொடுக்கலாமா?
_வாசகர், அரூர்_

கூடவே கூடாது. 21 கிராம் பாக்கெட் 1 லிட்டருக்கானது. அரை லிட்டரில் கரைத்தால் உப்பு இரண்டு மடங்காகி, சிறு பிள்ளைகளின் ரத்தத்தில் சோடியம் ஏறிவிடும். பிள்ளைக்குத் தாகமும் தீராது. 200 மில்லிக்கான 4.2 கிராம் பாக்கெட் மருந்துக்கடையில் கிடைக்கிறது, பயணத்துக்கு அதுதான் தோது. வீட்டிலேயே கலப்பதென்றால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலக்கியது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது, சர்க்கரை அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

வாந்தி, பேதி இல்லாமல் வெறுமனே வேர்ப்பவருக்குத் தண்ணீரும் உப்புப் போட்ட நீர்மோரும் போதும். வெயிலில் நடக்கையில் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், தாகம் எடுக்கும்வரை காத்திராமல். விடிகாலையில் கிளம்பும்போது பூரியைவிட மோர் ஊற்றிய கேழ்வரகுக் கூழ் நல்லது.

குடையா, ரெயின்கோட்டா? என்ன உடுத்துவது?
_வாசகர், கிருஷ்ணகிரி_

வரிசையில் குடை விரித்தால் பக்கத்தில் நிற்பவர் கண்ணைக் குத்தும். முழுக்கை ரெயின்கோட்டில் உள்ளே வேர்த்தே நனைந்துவிடுவீர்கள். நம் பக்கத்துச் சாக்குக் கொங்காணி போலத் தலைவழியே கவிழ்க்கும் கையில்லாத பாஞ்சோ போதும். பக்கவாட்டில் காற்று போகும். நீர் விளையாட்டுக்கு நைலான் அல்லது பாலியஸ்டர் உடைதான். பருத்தி நீரைக் குடித்துக் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும் என்பதால் விடமாட்டார்கள். ஒகேனக்கல் குளியலுக்குக் கட்டுகிற லுங்கி இங்கே செல்லாது. ஜீன்ஸும் கேன்வாஸ் ஷூவும் நனைந்தால் அன்று காயாது. ஈர சாக்ஸ் உரசியே கொப்புளம் வரும். பின்வார் உள்ள ரப்பர் செருப்பு போடுங்கள். ஆளுக்கொரு மாற்று உடையும் துண்டும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும்.

நனைந்த போனை அரிசியில் போடலாமா?
_வாசகி, ஓசூர்_

பயனில்லை, அரிசி மாவுதான் சார்ஜ் துளைக்குள் போகும். அணைத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி தட்டி, காற்றாடி முன் வையுங்கள். நன்றாகக் காயும்வரை சார்ஜ் போடாதீர்கள். போன் கெடுவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

வெயிலில் மயக்கம் வந்தால் வெறும் களைப்பா, ஆபத்தா என்று எப்படித் தெரியும்?
_வாசகர், பென்னாகரம்_

பேச்சைக் கவனியுங்கள். வேர்த்துக் கொட்டி, தலை சுற்றி, ஆனால் தெளிவாகப் பதில் சொன்னால் களைப்பு. நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். உளறினாலோ தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ அது வெப்பவாதம். வேர்வை நின்றிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வருவதற்குள் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.