பிரெட்டுக்கு மாவுச்சத்து குறைந்த மாற்று வீட்டில் செய்ய முடியுமா?

"சர்க்கரை இருக்கு, ஆனா காலையில் பிரெட் இல்லாம முடியல" என்று கேட்டிருக்கிறீர்கள். வழி இருக்கிறது.

முதலில் ஒன்று: கேழ்வரகு, கம்பு ரொட்டி இதற்கு மாற்றாகாது. சத்தானவைதான், ஆனால் 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து 65-70 கிராம் வரும், ஏறக்குறைய கோதுமை அளவுதான். பாதாம் மாவில் சுமார் 20 கிராம், அதிலும் பாதி நார்ச்சத்து.

நான் அடிக்கடி செய்வது கப் பிரெட். மூன்று மேசைக்கரண்டி பாதாம் மாவு, ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய், அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு. கப்பிலேயே கட்டியில்லாமல் கலக்கி மைக்ரோவேவில் 90 வினாடி. அப்படியே தின்றால் முட்டை வாடை அடிக்கும். குறுக்கே இரண்டாக வெட்டி, தோசைக்கல்லில் நெய் விட்டு இருபுறமும் சிவக்க விடுங்கள். வாடை போய் ஓரம் மொறுமொறுவென்று ஆகிவிடும்.

சாண்ட்விச்சுக்கு வளையும் ரொட்டி வேண்டுமென்றால் இசப்கோல் (சைலியம் விதை) உமி சேர்க்க வேண்டும். கோதுமை மாவைப் பிடித்து வைக்கும் குளூட்டன் என்ற புரதம் பாதாமில் கிடையாது. தண்ணீரில் ஊறிக் கூழாகும் இசப்கோல்தான் அந்தப் பிடிமானத்தைத் தருகிறது. சில பிராண்டுகள் வெந்ததும் ஊதா நிறமாகும், பயப்பட வேண்டாம். இசப்கோல் சாப்பிடும் அன்று தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

தேங்காய் மாவு மலிவு, ஆனால் ஈரத்தை உறிஞ்சித் தள்ளும். பாதாம் மாவுக்குப் பதிலாக அதே அளவு போட்டால் செங்கல்தான்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்றால், மாவுச்சத்தைச் சட்டென்று குறைக்கும்முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்; சர்க்கரை தாழ்ந்துவிடலாம்.