வாசகர் கேள்வி: நிலவில் ஏன் ஆவி உருவம்?

கேள்வி: 1969-இல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கியதை டிவியில் பார்த்தவர்கள், படம் ஆவி போலத் தெரிந்ததாகச் சொல்கிறார்கள். கேமரா அவ்வளவு மோசமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: கேமராவைக் குறை சொல்லாதீர்கள். நிலவில் இறங்கிய ஈகிள் கலத்திலிருந்து படம் அனுப்பக் கிடைத்த அலைவரிசை அகலம், அதாவது ஒரே நேரத்தில் தகவல் அனுப்ப இருந்த இடம், மிகக் குறைவு. அதனால் நொடிக்கு 10 படம், படத்துக்கு 320 கிடைக்கோடு என்று சுருக்கினார்கள். அமெரிக்க டிவிக்கோ நொடிக்கு 30 படம், 525 கோடு வேண்டும். தரை நிலையத்தில் ஒரு திரையில் படத்தை ஓடவிட்டு, அதை இன்னொரு கேமராவால் எடுத்து, ஒவ்வொரு படத்தையும் திரும்பத் திரும்பக் காட்டி எண்ணிக்கையை நிரப்பினார்கள். நகல் எடுத்த நகல் அது. தெளிவின் பெரும்பகுதி போனது இங்கேதான்.

தொடக்கத்தில் படம் தலைகீழாகவும் வந்தது. கலத்தின் பக்கவாட்டுப் பெட்டியில் கேமராவைக் கவிழ்த்துப் பொருத்தியிருந்ததால், பூமியில் ஒரு சுவிட்சைத் திருப்பித்தான் நிமிர்த்த வேண்டும். கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் தரை நிலையம் தந்த படத்தில் கறுப்பும் வெளுப்பும் மிஞ்சி நின்றன. ஆகவே முதல் காலடிக்கு ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக் நிலையத்துக்கு மாறினார்கள். சுமார் 9 நிமிடத்தில் அதே நாட்டின் பார்க்ஸ் நகரின் 64 மீட்டர் ஆன்டெனா கைகொடுத்தது. டிவிக்கு ஏற்ப மாற்றுவதற்கு முந்தைய படம் பதிவான மூல நாடாக்கள் பின்னாளில் அழிக்கப்பட்டதுதான் பேரிழப்பு.

கேள்வி: சென்னையில் நேரடியாகப் பார்த்திருப்பார்களா?
வாசகர், மதுரை

பதில்: வாய்ப்பில்லை. சென்னைக்கு டிவி வந்ததே 1975-இல். முதல் காலடி பதிந்தபோது நமக்கு ஜூலை 21, காலை 8.26. வீடுகளில் வானொலிதான்!