பழைய மொரிஸ் மைனருக்கு வயரிங்: ஒட்டுப் போடுவதா, முழுதாக மாற்றுவதா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா ஓடிய 1954ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் இப்போது அவர் கையில். இரவில் காலி வீதியில் போனால் முன்விளக்கு மங்கலாக எரிகிறது. போன மாதம் டாஷ்போர்டின் கீழிருந்து புகை வந்தது. பியூஸ் இரண்டையும் கழற்றிப் பார்த்தால் இரண்டுமே நல்லபடி இருந்தன. தெரிந்த வயரிங் பாஸ் (வயரிங் வேலை செய்பவர்), கருகிய வயர்களை மட்டும் வெட்டிவிட்டுப் புதிது ஒட்டலாம் என்கிறார். நண்பர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து முழு ஹார்னஸ், அதாவது காரின் எல்லா வயர்களையும் சேர்த்துக் கட்டிய தொகுதி, எடுப்பிக்கச் சொல்கிறார். இன்னொருவர், கையோடு பொசிட்டிவ் ஏர்த்தை (பற்றரியின் பொசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்த அமைப்பை) நெகட்டிவ்வாக மாற்றிவிடச் சொல்கிறாராம். எதைச் செய்வது, வீட்டில் வைத்தே செய்யலாமா என்று கேட்கிறார்.

மிச்சத்தை வாசிக்க முதல் போய்ப் பற்றரியைக் கழற்றிவிட்டு வாருங்கள். உங்கள் காரில் பொடியோடு (உடல் தகரத்தோடு) இணைந்திருப்பது பொசிட்டிவ் முனை. ஆகவே முதலில் கழற்ற வேண்டியதும் அதைத்தான். இன்றைய கார்களில் பழகிய கை நெகட்டிவ்வைத்தான் முதலில் தேடும். இந்தக் காரில் அப்படிச் செய்யும்போது ஸ்பானர் பொடியில் பட்டால் பொறி பறக்கும்.

இனி அந்தப் புகை. பியூஸ் போகாமல் புகை வந்ததுதான் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி. முழுக் காருக்கும் இரண்டே பியூஸ்கள்தான். ஹோர்ன், வைப்பர், பிரேக் லைட் போன்ற சில மட்டுமே அவற்றின் வழியாகப் போகின்றன. பற்றரியிலிருந்து, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டிக்கும் அங்கிருந்து சுவிட்சுகளுக்கும் வரும் பழுப்பு வயர்கள், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலுக்கும் பெற்றோல் பம்புக்கும் போகும் வெள்ளை வயர், முன்விளக்குகளின் நீல வயர்கள் எவற்றுக்கும் பியூஸ் கிடையாது. இவற்றில் ஒன்று தோல் உரிந்து தகரத்தில் பட்டால், பற்றரியில் இருக்கும் பலம் முழுவதும் அந்த வயருக்குள்ளால் பாயும். எங்கே நிற்பது என்று சொல்ல இடையில் ஒன்றுமில்லை. உங்கள் காரில் புகைந்தது இப்படியான ஒரு வயர்தான்.

அதனால் ஒட்டுப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்தக் காலத்து வயர் செம்பின்மேல் ரப்பர், ரப்பரின்மேல் பருத்தி நூல் பின்னல். ரப்பர் எழுபது வருடத்தில் பிஸ்கட்டைப் போல ஆகிவிடும். பின்னல் பிடித்து வைத்திருப்பதால்தான் வெளியே நல்ல வயராகத் தெரிகிறது. ஓரிடத்தில் வெட்டி ஒட்ட நீங்கள் அதை வளைக்கும்போது, அரை அடி தள்ளி இன்னோரிடத்தில் உள்ளே வெடிக்கும். செம்பும் கறுத்துப்போயிருக்கும், ஈயம் பிடிக்காது. இன்று ஒட்டிய பாஸை ஆறு மாதத்தில் மறுபடி கூப்பிடுவீர்கள், அதுவும் கார் தப்பியிருந்தால். முழு ஹார்னஸையும் மாற்றுங்கள்.

ஆனால் மங்கலான வெளிச்சத்துக்கு ஹார்னஸ் மட்டுமே காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். புது ஹார்னஸ் போட்ட பிறகும் விளக்கு மங்கலாகவே எரிந்து மனமுடைந்தவர்களைக் கண்டிருக்கிறேன். பற்றரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோ, எஞ்சின் மெல்ல ஓடும்போது அதைச் செய்யாது. பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது கொஞ்சம் மங்குவது அதன் இயல்பு. ஓடும்போதும் மங்கல் என்றால் அது வேறு. அப்படியானால் விளக்குகளைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரால் முதலில் பற்றரி முனைகளிலும் பிறகு பல்பின் பின்பக்க முனைகளிலும் அளந்து பார்க்க வேண்டும். பற்றரியில் 12.4 வோல்ட் இருக்க, பல்பில் 10.5தான் வருகிறதென்றால், வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாகியிருக்கும். காணாமல் போன அந்த இரண்டு வோல்ட்டைத் தேடினால் பெரும்பாலும் இரண்டு இடங்களில் அகப்படும். ஒன்று, மட்கார்டுக்குள் கறுப்பு வயர் பொடியோடு பிடிக்கும் ஏர்த் போல்ட். பல தடவை பெயின்ட் அடித்து, கடற்காற்றில் துருவும் ஏறியிருக்கும். மற்றது, முன்விளக்கைத் தாழ்த்தவும் உயர்த்தவும் கால் வைத்து மிதிக்கும் டிப் சுவிட்ச். மழைத் தண்ணீரும் சப்பாத்துச் சேறும் வந்து சேருவது அதன் மேல்தான். புது ஹார்னஸ் போடும் நாளில் எல்லா ஏர்த் இடங்களையும் பளபளவென்று தகரம் தெரியச் சுரண்டி, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள். வெள்ளவத்தையில் கடல் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது வாஸ்லினை விட்டுவிடவே கூடாது. டிப் சுவிட்சைப் புதிதாகவே வாங்குங்கள்.

இங்கிலாந்தா, கொழும்பில் கார் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையா? பணம் இருந்தால் இங்கிலாந்து. அங்கே பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு அதே நிறம், அதே நீளம், அதே பருத்திப் பின்னலோடு, உள்ளே நவீன பிளாஸ்டிக் உறை போட்டு ஹார்னஸ் செய்கிறார்கள். சுங்க வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஓடர் கொடுக்கும்போது காரின் ஆண்டு, சலூனா வேறு வகையா, டைனமோவா அதற்குப் பதிலாகப் போடும் ஓல்டர்னேட்டரா, பக்கத்துத் தூணிலிருந்து எழும்பும் பழைய கைகாட்டியா, மினுங்கும் சிக்னலா என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். உங்கள் கார் பிறந்தது கைகாட்டியோடு. பிற்காலத்தில் யாராவது மினுங்கும் சிக்னல் பூட்டியிருந்தால் அதற்கான வயர்களையும் கேட்டு வாங்குங்கள்.

இங்கேயே செய்விக்கலாம், பிழையில்லை. பழைய ஹார்னஸைப் பலகையில் விரித்து, அதே அளவுக்குப் புதிதாகக் கட்டத் தெரிந்த பாஸ்மார் கொழும்பில் இருக்கிறார்கள். ஆனால் வயரை நீங்களே போய் வாங்கிக் கொடுங்கள். வீட்டு வயரிங்குக்குப் போடும் 7/0.67 வயரைக் காருக்குப் போட விடாதீர்கள். ஏழு தடித்த இழைகள், ஓயாத அதிர்வில் ஒவ்வொன்றாக முறியும். கார் வயருக்கு மெல்லிய இழைகள் பல வேண்டும். 14/0.30 என்றால் 0.30 மில்லிமீற்றர் தடிப்பில் 14 இழை, தாங்குவது 8.75 ஆம்பியர். பார்க் லைட், டெயில் லைட்டுக்கு அது காணும். முன்விளக்குக்கு 28/0.30, அது 17.5 ஆம்பியர் தாங்கும். பற்றரியிலிருந்து வரும் பழுப்பு வயருக்கும் டைனமோவின் பெரிய வயருக்கும் 44/0.30க்குக் குறையாமல் வாங்குங்கள். என்றாவது ஓல்டர்னேட்டர் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே 65/0.30 போட்டுவிடுங்கள், பிறகு ஹார்னஸைப் பிரிக்க வேண்டி வராது.

நிறத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கடையில் சிவப்பும் கறுப்பும் மட்டும்தான் இருக்கிறது என்பார்கள். பழுப்பு நேரே பற்றரி, வெள்ளை சாவி போட்ட பின் வருவது, பச்சை அதே சாவிக்குப் பிறகு பியூஸையும் தாண்டி வருவது, நீலம் முன்விளக்கு, சிவப்பு பார்க் லைட், கறுப்பு ஏர்த். இந்த ஒழுங்கில் கட்டினால், இருபது வருடம் கழித்து முன்பின் தெரியாத ஒரு பாஸ் போனட்டைத் திறந்தாலும் அவருக்கு விளங்கும். முழுதும் சிவப்பில் கட்டிய ஒரு ஹார்னஸில் ஒரேயொரு பிழையைத் தேடி நான் இரண்டு நாள் செலவழித்திருக்கிறேன். கட்டியவர் திறமையான ஆள்தான், வேலை சுத்தம், ஆனால் வாசிக்க முடியாத எழுத்து அது.

சரி, கழற்றும் வேலைக்கு வருவோம். வீட்டில் செய்யலாம். மூன்று வார இறுதிகளை ஒதுக்குங்கள், பக்கத்தில் ஒரு பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். கத்தரிக்கோலை மட்டும் உள்ளே வைத்துவிடுங்கள். பழைய ஹார்னஸை வெட்டி எடுப்பதுதான் இந்த வேலையில் ஆட்கள் செய்யும் பெரிய பிழை. அது குப்பை இல்லை, உங்கள் காரின் வரைபடம். எந்தக் கிளை எங்கே பிரிகிறது, எந்த வயர் எத்தனை அங்குலம் வெளியே நிற்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முனையையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். பிறகு ஒரு சிறு அட்டையில் பென்சிலால் எழுதி நூலால் கட்டுங்கள். பேனா மை எண்ணெய் பட்டால் ஓடும், ஒட்டும் டேப் நம் வெக்கைக்கு இரண்டே நாளில் கழன்று விழும். ரெகுலேட்டர் பெட்டியில் ஏ, ஏ1, எஃப், டி, ஈ என்று ஐந்து முனைகள். எஃப்பையும் டியையும் மாற்றிப் பூட்டுவது அடிக்கடி நடக்கிறது, அந்த இரண்டுக்கும் அட்டையைப் பெரிதாகக் கட்டுங்கள். பின்பக்கம் போகும் கிளையை இழுக்கும் முன் அதன் நுனியில் உறுதியான நூலொன்றைக் கட்டிவிடுங்கள். பழையது வெளியே வரும்போது நூல் உள்ளே போய் நிற்கும், அதே நூலால் புதியதை இழுத்துக்கொள்ளலாம். தகரத்தில் வயர் நுழையும் ஒவ்வொரு துளைக்கும் புது ரப்பர் வளையம் போடுங்கள்.

முனைகளை ஈயம் வைப்பதா, நசுக்குவதா என்று கேட்பார்கள். சரியான கருவியால் நசுக்குவதே நல்லது. ஈயம் வயருக்குள் ஊறி ஓரிடத்தை விறைக்க வைக்கும், அதிர்வில் அந்த விளிம்பில்தான் முறியும்.

பழைய அமைப்பை அப்படியே வைத்திருப்பது எனக்கும் பிடிக்கும். ஆனாலும் ஒன்றை மாற்றச் சொல்வேன். முன்விளக்குகளுக்கு ஒரு ரிலேயும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) பியூஸும் போடுங்கள். ரிலே போட்டால் பழைய சுவிட்சின் மேலுள்ள பாரம் குறையும், வெளிச்சமும் கூடும். பியூஸ் வாங்கும்போது கவனம். லூக்காஸ் கம்பனியின் பழைய பியூஸில் 35 என்று எழுதியிருப்பது அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இன்றைய பியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. 35க்கு 35 என்று வாங்கிப் போட்டால் பாதுகாப்புப் பாதியாகிவிடும். 15 அல்லது 17 ஆம்பியர் வாங்குங்கள்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் பற்றரியை நேரே கொடுக்க வேண்டாம். பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து, பற்றரி முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் இணையுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்க, கதவுகளும் மூடியிருக்க, பல்பு எரியக்கூடாது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷோர்ட். வயர் கருகாது, பல்பு எரிவதோடு சரி. ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டு வந்தால், பல்பு அணையும் இடத்தில் பிழை இருக்கும். எரியாவிட்டால் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். பார்க் லைட் போடும்போது அரைகுறையாக எரிவது பிழையில்லை. இதெல்லாம் தேறிய பிறகே பற்றரியை நேரே பூட்டி, முன்விளக்கை இருபது நிமிடம் எரியவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பதைக் கழற்றி மறுபடி செய்யுங்கள்.

நெகட்டிவ் ஏர்த் மாற்றத்தை இந்த வேலையோடு சேர்க்க வேண்டாம். ஒரே நாளில் இரண்டையும் மாற்றிவிட்டு ஏதாவது ஓடாமல் நின்றால், எதனால் நின்றது என்று கண்டுபிடிக்க முடியாது. பொசிட்டிவ்விலேயே ஓரிரு மாதம் ஓடுங்கள். அப்புறமும் ரேடியோவுக்கோ எல்ஈடி பல்புக்கோ தேவை என்றால் மாற்றுவது பெரிய வேலையில்லை. பற்றரியைத் திருப்பி வைத்து, கொயிலின் இரண்டு சிறு வயர்களையும் இடம்மாற்ற வேண்டும். பிறகு ரெகுலேட்டரின் எஃப் முனையிலுள்ள வயரைக் கழற்றி, ஏ முனையில் இரண்டு மூன்று தடவை தொட்டு எடுக்க வேண்டும். சிறு பொறி வரும், டைனமோவுக்குப் புதுத் திசை பழகிவிடும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் முன் இதைச் செய்துவிடுங்கள். எந்த முனை ஏர்த் என்று போனட்டின் உள்பக்கம் மூன்று மொழியிலும் பெயின்டால் எழுதிவிடுங்கள், வழியில் நின்றால் கேபிள் கொடுக்க வருபவர் அதைத்தான் பார்ப்பார்.