சீட்டுக்காசு கையில் இருக்கிறது: நகையை மீட்பதா, லோனை முடிப்பதா?

முள்ளியவளையில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "கொரோனா வந்த நேரம் மூத்தவள் யாழ்ப்பாணக் கம்பஸில் ரெண்டாம் வருசம். இவருக்கு மேசன் வேலை நிண்டுபோச்சு. அவளின்ர போனுக்கும் போர்டிங்குக்கும் எண்டு எடுத்த லோனை அடைக்க இன்னொரு லோன், பிறகு அதை அடைக்க இன்னொண்டு. இப்ப லோனில மிச்சம் 70,000. வங்கியில அடகு 1,80,000. இப்ப மகன் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறான். சீட்டு விழுந்து 1,50,000 வந்திருக்கு. நகையை மீட்கட்டா? திரும்ப அப்பிடி ஒரு வருத்தம் வந்தா என்ன செய்யிறது?"

அக்கா, நகையை இப்போது மீட்க வேண்டாம். முதலில் லோனை முடியுங்கள்.

எங்கள் நாட்டில் அரச பல்கலைக்கழகத்தில் படிக்கக் கட்டணம் இல்லை. ஆகவே 2020இல் வன்னிக் குடும்பங்களைச் சாய்த்தது படிப்புச் செலவு என்று நான் சொல்லமாட்டேன். மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டதும் நாட்கூலி நின்றது. பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள், போர்டிங் வாடகை நிற்கவில்லை. அதோடு புதுச் செலவாகப் போனும் ரீலோட்டும் சேர்ந்தன. ஏப்ரலிலும் மே மாதத்திலும் அரசாங்கம் தந்த 5,000 ரூபா அரிசி பருப்போடு முடிந்துபோனது. துண்டு விழுந்த அந்தச் சின்னத் தொகையை எங்கே வாங்கினோம் என்பதில்தான் இடறினோம். வீட்டு வாசலுக்கு வந்து, பெண்களை ஒருவருக்கொருவர் பிணை நிற்க வைத்துக் கொடுக்கிற நுண்கடன் காசுதான் கைக்கு முதலில் கிடைத்தது, வட்டியும் அதற்குத்தான் ஆகக் கூட.

உங்கள் லோன் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒரு லட்சம், 50 கிழமை, கிழமைக்கு 2,400 என்று இருந்தால் மொத்தம் 1,20,000. "நூற்றுக்கு 20தானே" என்பார்கள். ஆனால் 25ஆம் கிழமை முடியும்போது முதல் தொகையில் பாதியை நீங்கள் திருப்பிக் கொடுத்தாயிற்று. கையில் இருப்பது அவர்களின் 50,000 மட்டும். வட்டியோ கடைசிக் கிழமை வரைக்கும் முழு லட்சத்துக்கும் போகிறது. சரியாகக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 38 வீதத்துக்குக் கிட்ட வரும். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்த காலத்தில் இந்தக் கணக்கை எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். படித்தவர்கள்கூட நம்பமாட்டார்கள்.

அடகு அப்படியில்லை. வங்கி வட்டி இதைவிடக் குறைவு, பக்கத்து வீட்டுக்காரி பிணை நிற்கவும் தேவையில்லை. 2020க்கும் 2022க்கும் இடையில் பவுண் விலை இங்கே இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த நேரம் அவசரப்பட்டு விற்றவர்கள்தான் இழந்தார்கள். வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொண்டு வந்தவர்களின் நகை அவர்களுடையதாகவே இருக்கிறது. தவணை தப்பி ஏலத்துக்குப் போகாமல் பார்ப்பதுதான் உங்கள் வேலை.

ஆகவே 70,000 லோனுக்கு. 30,000ஐ அடகு வட்டிக்கு ஒதுக்குங்கள். மிச்சம் 50,000ஐ மகனின் பெயரில் சேமிப்பில் போடுங்கள், ஏ.ரி.எம். அட்டை உங்களிடம் இருக்கட்டும். திரும்பவும் ஊரடங்கு வந்தால் முதல் இரண்டு மூன்று மாதம் லோன்காரர் வாசலில் நிற்காமல் தடுப்பது இந்தக் காசுதான். கலியாணவீடு வந்தாலும் தொடக்கூடாது.

2020இல் மத்திய வங்கி அறிவித்த, தவணையைத் தள்ளிப்போடும் சலுகையைப் பலர் தள்ளுபடி என்று நினைத்துவிட்டார்கள். 24 வீதத்தில் 80,000 கடன் ஆறு மாதம் சும்மா நின்றாலே வட்டி 9,600. இனி ஒருமுறை அப்படிச் சலுகை வந்தால், அந்த மாதங்களுக்கு வட்டி ஓடுமா என்று கேட்டுவிட்டு ஒப்பமிடுங்கள்.

மகனின் பக்கம் இரண்டு விசயம். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கிடைக்கிற உதவிப்பணங்களான மகாபொலவுக்கும் பேர்சரிக்கும் குடும்ப வருமானம் பார்ப்பார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000இலிருந்து 7,500ஆகவும், பேர்சரியை 4,000இலிருந்து 6,500ஆகவும் கூட்டினார்கள். விண்ணப்பத்தில் உங்கள் கணவரின் நாட்சம்பளத்தை 26ஆல் பெருக்கி எழுதிவிடாதீர்கள். மாரியில் மேசனுக்கு மாதத்தில் எத்தனை நாள் வேலை என்று உங்களுக்குத் தெரியும். உள்ளதைச் சொல்லிக் கிராம சேவையாளரிடம் வருமானச் சான்றிதழ் எடுங்கள். மற்றது போர்டிங். சேரும்போதே, கம்பஸ் மூடினால் அந்த மாதத்துக்கு அரை வாடகைதான் என்று வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். மூடின பிறகு கேட்டால் முகம் முறியும்.

லோனை முடிக்கப் போகும்போது, முன்கூட்டியே கட்டுவதால் மிச்ச வட்டியில் எவ்வளவு கழியும் என்று எழுத்தில் கேளுங்கள். கழிக்க மாட்டோம் என்றாலோ, கடைசி நாலைந்து கிழமைதான் மீதி என்றாலோ அவசரப்பட வேண்டாம், அதே காசை வைத்துக் கிழமைக்குக் கிழமை கட்டுங்கள். முடித்ததும் மீதி இல்லை என்ற கடிதத்தை வாங்குங்கள். பிணை நின்ற மற்றப் பெண்களின் அடையாள அட்டைப் பிரதிகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். "உங்கட பேரில புதுசா ஒண்டு எடுக்கலாம் அக்கா" என்று அப்போதே அங்கே சொல்வார்கள்.